விலை இறங்கிய ஆவணி

கூட்டுறவுச் சங்கக்கடையின் முன்சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அரிசி, சீனி, பருப்பு, கோதுமை மா என்று வரிசையாகப் பெயர்கள்; கடைசியில் மண்ணெண்ணெய். கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும். மனேச்சர் வாசித்துச் சொல்லுவார். நான் ஈரத்துணியால் பழைய விலையை அழித்துவிட்டு வெண்கட்டியால் புதியதை எழுதுவேன். அந்தப் பலகையின் கடைசி வரியில் தன் புருசனின் உயிர் எழுதியிருக்கிறது என்று என் அக்கா நம்பினாள். அதற்காக நான் அவளோடு எத்தனையோ தரம் கத்திச் சண்டை பிடித்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அப்போதும் இப்போதும்.

இப்போது நான் இருக்கும் வீட்டில் சுவிற்சைப் போட்டால் வெளிச்சம் வருகிறது. ஆனாலும் செய்தியில் எண்ணெய் விலை என்று கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுவேன். ஏறிவிட்டது என்றால் எல்லோரையும் போலத் திட்டித் தீர்ப்பேன். இறங்கிவிட்டது என்றால் செய்தியை நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவேன். என் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் இதுவரை சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் வன்னியில் கண்டாவளைப் பக்கம் குடியேற்றக் காணி கிடைத்தது. குளத்துத் தண்ணீர் பாயும் வயல் ஒரு துண்டு, வீட்டோடு மேட்டுக்காணி ஒரு துண்டு. அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு ஒத்தாசையாக நான் எங்கள் ஊர் பளையிலிருந்து வந்தேன். ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் இருந்தது. சங்கக்கடையில் வேலை கிடைத்ததும் அங்கேயே தங்கிவிட்டேன். அந்த வீட்டில் அக்கா, அத்தான், அவர்களுடைய கைக்குழந்தை, நான், அவ்வளவு பேர்தான்.

வயலில் விளைந்தது வயிற்றுக்கு. மற்ற எல்லாச் செலவுக்கும் மிளகாய். எழுபத்தேழுக்கு முந்திய அரசாங்கம் வெளிநாட்டுச் செத்தல் மிளகாயை நாட்டுக்குள் விடவில்லை. அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து முற்றங்களெல்லாம் காயப்போட்ட மிளகாயால் சிவப்பாகக் கிடக்கும். யாவாரிகள் படலைக்கே வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். அத்தான் அந்தக் காலத்தில்தான் யப்பான் இறைப்பு மிசின் ஒன்று வாங்கினார். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் மிசின். விடியக்காலையில் ஊர் முழுக்க அந்த மிசின்களின் சத்தம் கேட்கும். அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இன்னாருடையது இருமுகிறது, இன்னாருடையது நல்லாய் ஓடுகிறது என்று சொல்லுவார். மனைவியைவிட மிசினில் பாசம் என்று நான் பகிடி பண்ணுவேன். அக்கா மறுத்ததில்லை.

மின்சாரம் பெரிய ரோட்டோடு நின்றுவிட்ட ஊர் அது. விளக்குக்கு மண்ணெண்ணெய், மழை நாளில் ஈர விறகு பற்றுவதற்கு மண்ணெண்ணெய், பிள்ளையின் தலையில் பேன் விழுந்தால் அதற்கும் மண்ணெண்ணெய். எல்லாவற்றுக்கும் மேலாக மிசினுக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசித்ததில்லை. கொழும்பிலிருந்து லொறியில் வருகிறது என்பதோடு எங்கள் அறிவு முடிந்துவிடும்.

புதிய அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மிளகாய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. எங்கள் மிளகாயை யாவாரி கையால் கிளறிப் பார்த்துவிட்டு மூஞ்சையைச் சுளித்தான். அதே காலத்தில் ஈரானில் ராசாவைத் துரத்தினார்கள். பிறகு பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டது. கண்டாவளை மிளகாய்க்கும் ஈரான் ராசாவுக்கும் என்ன உறவு என்று அப்போது யாரும் கேட்டிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் பலகையின் கடைசி வரியை நான் திரும்பத் திரும்ப அழிக்க வேண்டியிருந்தது. எழுதும்போதே முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஏதோ நான் ஏற்றியது போல. ஏழைகளுக்கு மண்ணெண்ணெய் முத்திரை என்று கூப்பன் கொடுத்தார்கள். முத்திரைக்கு விளக்கு எரிந்தது. மிசின் ஓடவில்லை.

அத்தான் முதலில் பாதித் தோட்டத்துக்கு இறைத்தார். பிறகு கிணற்றடிக்குக் கிட்ட உள்ள பாத்திகளுக்கு மட்டும் இறைத்தார். ஒரு வைகாசியில் அதுவும் முடியாமல், காய் பிடித்து நின்ற கன்றுகள் நின்ற நிலையில் சுருண்டன. அவர் வரம்பில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"மச்சாள், நான் போகப்போறன்" என்றார்.

"எங்கை?"

"விலை ஏத்துறவன்ரை ஊருக்கு. ஏன்டா ஏத்தினனீ எண்டு நேரிலை கேக்கப்போறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாட்டையும் வண்டிலையும் விற்றுக் கொழும்பு ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்தார். மிசினையும் விற்றுவிடலாம் என்று அக்கா சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. வளைகுடாவில், ஈரான் கரையில் ஒரு துறைமுகத்தில் வேலை. பெரிய எண்ணெய்க் கப்பல்களைக் கரைக்கு அணைக்கிற இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவருக்கு உதவியாள். எங்கள் கிணற்றடி மிசினுக்கு ஊற்ற வழியில்லாமல் போன எண்ணெய்க்குள்ளேயே போய் விழுந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சந்தோசமாகத்தான் பஸ் ஏற்றிவிட்டோம்.

அவருக்குக் கடிதம் எழுத வராது. கசெற்றில் பேசி, ஊருக்கு வருகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவார். முதலாவது கசெற்றோடு அதைப் போட்டுக் கேட்கிற பெட்டியும் வந்தது. ஊரே கூடிக் கேட்டது. பின்னால் காற்று இரையும். கப்பல் சங்கு ஊதும். நடுவில் அத்தானின் குரல் எங்கள் விறாந்தையில் இருந்து பேசுவது போலக் கேட்கும். தன்னோடு அதே படகில் வவுனியாப் பக்கத்துப் பெடியன் ஒருவன் வேலை செய்வதாக ஒரு கசெற்றில் சொன்னார். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். "இவன் சொல்லுறான், தன்ரை அம்மா பறிச்ச கொழுந்தைத்தான் இஞ்சை உள்ளவன் குடிக்கிறானாம். இவங்கடை எண்ணெயைத்தான் நாங்கள் விளக்குக்கு விடுறம். கணக்குச் சரி எண்டு சொல்லிச் சிரிக்கிறான்." நாங்களும் சிரித்தோம்.

இன்னொரு கசெற்றில் மிசின் கிளப்புகிற முறை முழுவதையும் அக்காவுக்குச் சொன்னார். அவர் அனுப்பிய காசில் அவள் மறுபடி மிளகாய் வைக்கத் தொடங்கியிருந்தாள். கூலிக்கு ஆள் பிடிக்காமல் தானே மிசின் கிளப்பப் போவதாகப் பிடிவாதம். கசெற் பெட்டியைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்லச் செய்வாள்.

"முதல் பெற்றோல் திறப்பைத் திற. கயித்தைச் சுத்து. இழுக்கேக்கை கையை விலத்திப் பிடி. சூடேறட்டும், அவசரப்படாதை..."

"ஓம்" என்பாள் அக்கா, பெட்டியைப் பார்த்து.

பழகிய பிறகு அவளுக்கு அந்தச் சொல்லித்தருதல் தேவைப்படவில்லை. ஆனாலும் பெட்டி இல்லாமல் அவள் மிசினைத் தொட்டதில்லை. பற்றறி இறங்கினால் குரல் சளி பிடித்ததுபோலத் தடித்து இழுபடும். பிள்ளை தகப்பனை அந்தக் குரலாகத்தான் அறிந்தவள். "அப்பாவுக்குத் தடிமன்" என்பாள். பற்றறியை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். அப்பாவுக்குத் தடிமன் மாறும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அதற்கடுத்த கசெற்தான். அந்தக் கடலில் எண்ணெய்க் கப்பல்களுக்குக் குண்டு போடத் தொடங்கிவிட்டார்கள் என்று வெளிநாட்டு வானொலியின் தமிழ்ச் செய்தியில் நாங்கள் ஏற்கெனவே கேட்டிருந்தோம். அக்கா பயந்து, கவனமாக இருக்கும்படி யார் மூலமோ சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்கு அவர் சொன்ன பதில்: "இஞ்சை ஒரு கப்பலுக்கு அடிச்சால் அடுத்த மாசம் உன்ரை தங்கச்சி பலகையை அழிச்சு எழுதவேணும், பார். விலை ஏறாட்டில் நான் சுகமாய் இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொள்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பும் கசெற்றில் இருந்தது. அக்கா சிரிப்புக்கு முன்னால் கசெற்றை நிறுத்திவிடுவாள்.

அதுதான் அவரிடமிருந்து வந்த கடைசிக் கசெற். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. காசும் வரவில்லை. எங்கள் பக்கத்திலும் சண்டை பெருத்திருந்தது. தபால் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பஸ்ஸை எங்கே மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. சண்டையால்தான் செய்தி வரவில்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அக்கா அதைக்கூடக் கேட்கவில்லை. அவள் காலையில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கக்கடைப் பக்கம் வருவாள். பலகையின் கடைசி வரியைப் பார்ப்பாள். விலை ஏறியிராது. முகம் தெளிந்து திரும்பிப் போவாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, விலையைக் கொழும்பிலை அரசாங்கம் வைக்குது. அங்கை நூறு கப்பல் எரிஞ்சாலும் இவை ஏத்தாமல் விட்டால் ஏறாது. அத்தான் பகிடிக்குச் சொன்னவர்."

"நீ பலகையை எழுது. வாசிக்கிறது என்ரை வேலை" என்றாள்.

படித்த பெண்தான் அவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கும் புருசனுக்கும் நடுவில் வேறு எந்த நூலும் மிஞ்சியிருக்கவில்லை. இதை அறுத்துவிட்டு அவள் எதைப் பிடிப்பாள்? அப்போது எனக்கு இந்த யோசனை வரவில்லை. கோபம்தான் வந்தது.

ஒரு ஆவணியில், பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள், சுற்றறிக்கை வந்தது. மனேச்சர் இரண்டு தரம் வாசித்தார். விலை இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு அது இறங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன். உலகம் முழுக்க எண்ணெய் விலை விழுந்துவிட்டது என்று மனேச்சர் சொன்னார். நான் பலகையில் எழுதி முடிக்குமுன் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா செய்தி கேட்டு ஓடிவந்தாள். வெயிலில் வேர்த்துப் போய், மூச்சு வாங்க, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சண்டை ஓய்ஞ்சிட்டுது" என்றாள். "இனி வந்திடுவார்."

அடுத்த நாள் சதுர்த்திக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் புதுப்பானை வைத்து நேர்த்திப் பொங்கல் பொங்கினாள். என்ன நேர்த்தி என்று கேட்டவர்களுக்கு, எண்ணெய் விலை இறங்கியதற்கு என்று சொன்னாள். சிரித்தார்கள், சிரித்துவிட்டு வாழையிலையை நீட்டினார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அது நல்ல சகுனம் என்று ஐயரும் சொன்னார். நானும் சந்தோசப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த மாரி முடியும் கையோடு அக்கா காணி முழுவதும் மிளகாய் வைத்தாள். மலிந்த எண்ணெயில் மிசின் நன்றாக ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பாயும்போது பிள்ளை அதற்குள் காலை விட்டுக்கொண்டு நடப்பாள். கிணற்றுக்கட்டில் இருந்து அத்தானின் குரல், கையை விலத்திப் பிடி, அவசரப்படாதை என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சி எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஏன் என்று தெரியாது. நான் அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்விடுவேன்.

பிறகு எங்கள் நாட்டுச் சண்டை எண்ணெய்க்கு வந்தது. வடக்கே போகும் லொறிகளை ஆமிக்காரர் மறித்து எண்ணெயைத் திருப்பினார்கள். எங்கள் கடைக்கு வரும் எண்ணெய்ப் பரல்களும் நின்றுபோயின. பலகையில் நான் எழுதிய குறைந்த விலை அப்படியே இருந்தது. அந்த விலைக்கு விற்க ஒரு சொட்டும் இல்லை. ரோட்டோரம் சிலர் போத்தலில் வைத்து விற்றார்கள். அந்த விலையைக் கேட்டால் தலை சுற்றும். சனம் விளக்கைத் தவிர்த்து, பொழுது சாய முதல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திரி எரிக்கலாம் என்றால் தேங்காய்க்கும் விலை ஏறிவிட்டது. ஊரில் இருந்த மிசின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அக்கா பலகையை விட்டாள். ரோட்டோரப் போத்தலைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒவ்வொரு நாளும் போய் விலை கேட்பாள். வாங்கமாட்டாள். கேட்டுவிட்டு வந்து அப்படியே குந்திவிடுவாள். சோறு இறங்காது. அந்தப் போத்தலின் விலை ஏற ஏற, அங்கே கடலில் அவருக்கு ஏதோ நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று அவள் நடுங்கினாள். தாலிக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தாள். முழுகி, ஈர உடுப்போடு பிள்ளையார் கோயிலைச் சுற்றினாள். தோட்டத்தில் கன்றுகள் வாடின. வாளியால் அள்ளி ஊற்றினோம், இரண்டு பேரும், தோள் விட்டுப்போகும் வரைக்கும். ஒரு நாள் நான் வாளியைப் போட்டுடைத்தேன்.

"அக்கா, விளங்கிக்கொள். இது எங்கடை சண்டை. லொறியை மறிச்சுப்போட்டினம், அதாலை விலை ஏறினது. அத்தான்ரை கடலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய் எல்லாம் ஒண்டுதான்" என்றாள்.

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. உடைந்த வாளியைப் பொறுக்கிக்கொண்டு அழுதேன்.

அந்த நாட்களில் ஒரு விடியற்காலை, முகம் கழுவிக்கொண்டு நின்றபோது மிசின் ஓடுகிற சத்தம் கேட்டேன். ஊரில் ஒருவரிடமும் எண்ணெய் இல்லாத காலம். அது எங்கள் மிசின்தான், எனக்கு நன்றாகத் தெரியும். அதன் சத்தத்தில் ஒரு தட்டு இருக்கும். கிணற்றடிக்குப் போனேன். அக்கா ஏற்கெனவே அங்கே நின்றாள். மிசின் சாக்கால் மூடியபடி கிடந்தது. நான் சாக்குக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இரும்பு பனியில் குளிர்ந்து கிடந்தது.

"உனக்கும் கேட்டதோ?" என்றாள்.

"இல்லை" என்றேன். இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். அதைப்பற்றி அவளோடு நான் பிறகு கதைக்கவேயில்லை. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாது.

மிளகாய் செத்துவிட்டது. வேரோடு பிடுங்கி அடுப்பெரித்தோம். புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கியது.

பிறகு ஒருவாறு பாதை திறந்தது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் சனம் ரோட்டுக்கு வந்து நின்று லொறிகளை வேடிக்கை பார்த்தது. கடைக்குப் பரல்கள் வந்தன. ரோட்டோரப் போத்தல் வியாபாரம் படுத்தது. பலகை விலைக்கே எல்லோருக்கும் எண்ணெய் கொடுத்தேன். அக்காவுக்கு உயிர் வந்தது. அவளுடைய வாசிப்பின்படி கடலில் ஆபத்து கடந்துவிட்டது, அவர் தப்பிவிட்டார், இப்போது பாதையும் திறந்துவிட்டது, வரவேண்டியதுதான் பாக்கி. வீட்டைச் சாணகம் போட்டு மெழுகினாள். மிசினைத் துடைத்து எண்ணெய் பூசினாள். பிள்ளைக்குப் புதுச் சட்டை தைத்தாள். அவளோடு சண்டை பிடிக்க எனக்கும் மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் படலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படலை திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா குசினியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். வந்தவர் அத்தான் இல்லை. இளம் ஆள், ஒரு கையிலும் கழுத்திலும் வெந்து ஆறிச் சுருங்கிய தோல். தோளில் ஒரு பை. அத்தானின் பை அது, கொழும்புக்குப் போகும்போது கொண்டுபோனது.

"நான் வவுனியாப் பக்கம்ங்க. அண்ணனோட அதே படகுல வேல செஞ்சவன்" என்றார்.

அக்கா கதிரையை எடுத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றச் சொல்லி என்னிடம் சொன்னாள். நான் அசையவில்லை. அவர் கதிரையில் இருக்காமல் நிலத்தில் குந்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். கப்பலைக் கரைக்கு அணைத்துக்கொண்டிருந்தபோது விமானம் வந்து குண்டு போட்டது. கப்பல் பற்றி, கடலில் பரவிய எண்ணெயும் பற்றியது. படகு அதற்குள் அகப்பட்டது. இவரைக் கடலிலிருந்து தூக்கினார்கள். அத்தானைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இவர் மாதக்கணக்காக அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊருக்கு வந்தபோது பாதை பூட்டியிருந்தது. திறந்த உடனே புறப்பட்டு வந்திருக்கிறார். அதுவரை அத்தான் அனுப்பிய காசும் கசெற்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

"எப்ப?" என்றாள் அக்கா.

"போன வருசம், ஆவணி. பிள்ளையார் சதுர்த்திக்கு மொத நாள். நாளைக்கு விரதம்னு அண்ணன் காலையில சொல்லிக்கிட்டு இருந்தாரு, அதான் நல்லா ஞாபகம் இருக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை.

"அண்டைக்குத்தானே நீ பலகையை அழிச்சு எழுதினனீ?"

"ஓமக்கா."

"அண்டைக்கு விலை இறங்கினது." இதை அவள் அந்த மனிதரிடம் சொன்னாள், அவர் ஏதோ பிழையாகச் சொல்லுகிறார் என்பதுபோல. "இறங்கினதெண்டால் அங்கை சண்டை குறைஞ்சிருக்கவேணும். ஏன் குண்டு போட்டவை?"

பாவம், அப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

"வெல விழுந்ததுனாலதாங்க்கா அவ்வளவு அவசரம். ஈரான்காரனுக்குச் சண்டை பிடிக்கக் காசு வேணும்ல? முன்னாடி ஒரு கப்பல்ல கெடச்ச காசுக்கு இப்ப ரெண்டு கப்பல் ஏத்தணும். ராத்திரி பகல் பாக்காம ஏத்துனோம். கப்பலெல்லாம் வரிசை கட்டி நின்னுச்சு. குண்டு போடுறவனுக்கும் அடிக்கிறதுக்கு வசதியாப் போச்சு."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி இன்னும் கையில் இருந்தது.

"அடுத்த நாள் நான் பொங்கினனான்" என்றாள் மெதுவாக. "பால் கிழக்காலை பொங்கினது."

எனக்கு அந்தப் பொங்கல் தொண்டைக்குள் வந்தது. வெளியே ஓடிப்போய் வேலியோரம் சத்தி எடுத்தேன். ஒரு வருடமாக நாங்கள் விளக்கில் எரித்ததையும், மிசினில் ஊற்றியதையும், மலிந்துவிட்டது என்று கூடுதலாக ஒரு போத்தல் வாங்கி வைத்ததையும் நினைத்தேன். போத்தல் விலை ஏறிய மாதங்களில் அவள் ஈர உடுப்போடு கோயிலைச் சுற்றியது எல்லாம் ஏற்கெனவே இறந்துபோன ஒருவருக்காக. அவர் எரிந்த நேரத்தில் நான் கடை வாசலில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். மழைத் தூற்றலில் விறகு பற்றவில்லை. மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்லி ஒருவர் குரல் கொடுத்தார். அக்கா தானே வீட்டுக்குள் போய்ப் போத்தலை எடுத்து வந்து கொடுத்தாள். பிள்ளை, அப்பா பெட்டிக்குள் இருக்கிறாரே, பிறகு இது யார் என்று கேட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாட்களின் பின் அக்கா சங்கக்கடைக்கு வந்தாள். வெறும் நெற்றியோடு அவளை வரிசையில் கண்டதும் முன்னால் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் முன்னுக்கு வரவில்லை; தன் இடத்திலேயே நின்றாள். வானம், மழை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று கதை கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, நல்ல மனசோடுதான், சொன்னாள்:

"மண்ணெண்ணெய் இன்னும் இறங்கும் எண்டு கதைக்கினம். இறங்கினால் நீங்கள் திரும்ப மிளகாய் வைக்கலாம், என்ன?"

"இறங்க வேண்டாம்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் விளங்காமல் என்னைப் பார்த்தாள். காணி தரிசாகக் கிடக்கிறது, வீட்டில் ஒரு பிள்ளை, சம்பாதிக்க ஒருவரும் இல்லை. எண்ணெய் மலிய வேண்டும் என்று அந்த வரிசையில் யாராவது கும்பிட வேண்டுமென்றால் அது அவள்தான்.

"இறங்க வேண்டாம் எண்டு கும்பிடுங்கோ" என்றாள் அக்கா மறுபடி, எல்லோருக்கும் கேட்கும்படியாக. "அங்கை ஆரோ ஒருத்தியின்ரை மனிசன் வேலைக்கு நிப்பான்."

வரிசை நகர்ந்தது. அவளுடைய முறை வந்தது. போத்தலை நீட்டினாள். நான் புனலை வைத்து ஊற்றினேன்.